மலையடிவாரத்துப் பரீட்சை

"'அ' எதுன்னு தெரியுதாம்மா?"

"தெரியலீங்க சார்."

ஜெயம்மா மலைப்பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் இதைச் சொன்னாள்.

தேவிப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம் இதே ஜெயம்மா, பூ மடிக்க வாங்கிய பழைய பத்திரிகையில் பாதித் தொடர்கதையைப் படித்துவிட்டு, மீதிப் பக்கம் எங்கே என்று கடை கடையாக ஏறி இறங்கியவள்.

திருத்தணி மலையடிவாரத்தில் பூவும் தேங்காயும் விற்கிற இருபது பெண்களுக்கு, மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும், சத்திரத்துக் கூடத்தில் ஒன்றரை வருஷமாக எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவள் தேவிப்பிரியா. சர்க்கார் செலவில் நடக்கிற சென்டர். எத்தனை பேருக்குப் படிப்பு வந்திருக்கிறது என்று சோதித்து எழுத, 1993 ஆகஸ்டில் ஒரு நாள் அதிகாரி ஹேமநாதன் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் போடுகிற எண்ணை வைத்துத்தான் சென்டர் இருப்பதும் போவதும்.

அடுத்து வந்த ரத்தினம்மாள் பேனாவைத் தலைகீழாகப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவள் கைநாட்டு வைக்கக் கட்டைவிரலை நீட்டினாள். பேர் எழுதக் கற்றுக்கொண்ட அன்று, தெருவில் ஒரு சுவர் பாக்கியில்லாமல் தன் பேரைக் கிறுக்கிவைத்த மகராசி அவள்.

இருபது பேரும் வரிசையாக வந்தார்கள், மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், தெரியாது என்றார்கள்.

'தேர்ச்சி' என்ற கட்டத்தில் ஹேமநாதன் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார்.

"ஒன்றரை வருஷமா என்னம்மா பண்ணீங்க? ஆள் வராமயே ரிஜிஸ்டர்ல டிக் அடிச்சுகினு இருந்தீங்களா?"

மணவூரிலிருந்து தினமும் ரயில் மாறி வந்து சொல்லிக் கொடுத்ததற்கு, இத்தனை பேர் முன்னால் திருடி மாதிரி நிற்க வைத்துவிட்டார்களே என்று தேவிப்பிரியாவுக்கு வயிறு எரிந்தது.

அவர் கிளம்பும் நேரத்தில் ரத்தினம்மாள் இடுப்பிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். பெரிய ஆபீசில் கொடுத்துவிடச் சொன்னாள்.

ஹேமநாதன் பிரித்து உரக்கப் படித்தார்.

"மதிப்பிற்குரிய ஐயா, எல்லோருக்கும் படிப்பு வந்துவிட்டால் சென்டரை மூடிவிடுவீர்கள் என்று கேள்விப்பட்டோம். எங்களுக்கு ஒரு எழுத்துகூட வரவில்லை. ஆகையால் எங்கள் டீச்சரை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டாம்."

கீழே இருபது கையெழுத்துகள்.

"யாரும்மா இத எழுதினது?"

"நாங்கதாங்க. ஆளுக்கு ஒண்ணு ரெண்டு வார்த்தை" என்றாள் ஜெயம்மா பெருமையாக. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ரத்தினம்மாள் தேவிப்பிரியாவைப் பார்த்து, "உன்கிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டேன்னுதான் டீச்சர் சொல்லல" என்று முணுமுணுத்தாள்.

தேவிப்பிரியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இப்போது வயிறு எரியவில்லை.

ஹேமநாதன் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவியது.

"உங்களுக்கு யாரோ தப்பா சொல்லிக்கீறாங்க. யாருக்குமே படிப்பு வரலைன்னாதாம்மா சென்டரை மூடுவோம். வந்துச்சுன்னா கதைப்புத்தகம் குடுத்து இன்னும் ரெண்டு வருஷம் நடத்தச் சொல்லுவோம்."

இருபது பேரும் பேனாவுக்குப் பாய்ந்தார்கள். இன்னொரு தடவை பரீட்சை வைக்கச் சொல்லி ஒரே அமளி.

"வேணாம். எழுதி முடிச்சிட்டீங்க" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அறிக்கையைத் திறந்தார் ஹேமநாதன்.

அந்தப் பூஜ்யத்தை அவர் அடிக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு இரண்டைப் போட்டார்.