கிளைடின் தொப்பி

காலையில்தான் கிளைடை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். மொன்டானாவில் முன்னூறு மாடுகள் மேயும் பண்ணை அவருடையது. வாசலில் இரண்டு ஜீப் நின்றாலும், தாத்தா சுற்றியதைப் போலக் குதிரைமேல்தான் மந்தையைச் சுற்றுவேன் என்று எழுபத்தெட்டு வயதுவரை அடம்பிடித்தவர். சவப்பெட்டிக்குப் பின்னால் ஆளில்லாமல் அந்தக் குதிரையை நடத்திப் போனார்கள். அதன் சேணத்தில் மாட்டியிருந்த அவருடைய தொப்பியை, நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த மைத்துனி புஷ்பம் எடுத்து வந்து, படுக்கையறையில் அவர் தலையணைமேல் வைத்தாள்.

பின்னால் வந்த அக்கா ஜெபக்கனி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னக்கா?"

"கட்டில்ல தொப்பி வைக்கக் கூடாதுட்டி. யாரு படுக்குற இடத்துல வைக்கமோ அவங்க செத்துருவாங்கன்னு இங்க ஒரு நம்பிக்கை. கல்யாணமான புதுசுல தெரியாம வச்சிட்டேன். உங்க அத்தான் நாலு நாள் மாட்டுக் கொட்டகையில போய்ப் படுத்தாவ."

புஷ்பம் பதறிக் கையை நீட்டினாள். "எனக்குத் தெரியாதுக்கா. ஆணியில மாட்டிருதேன்."

"நான் பாத்துக்கிடுதேன். நீ போய்க் காப்பி போடு."

புஷ்பம் போனதும் ஜெபக்கனி தொப்பியை எடுத்து, விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். கதவருகே ஆணி காலியாக இருந்தது. அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். தன் தலையணையின் சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிவிட்டு, அதன் நடுவில் தொப்பியை வைத்தாள்.