வாடகைக்குக் கட்டம் இல்லை

சிவப்பு ரேஷன் கார்டு வைத்திருப்பவர்களின் வீடுகளைச் சரிபார்க்க சேதராப்பட்டுக்கு வந்திருந்தான் தமிழ்க்குமரன். வசதி தெரிந்தால் கார்டு மஞ்சளாகிவிடும். இலவச அரிசி நின்றுவிடும்.

செல்வகுமாரி இருந்தது ஒரு ஷீட் கொட்டாய். மண் தரை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு.

"புழுங்குதே. ஃபேன் போடும்மா."

அவள் சுவிட்சைத் தேடினாள். கதவுப் பக்கம் பார்த்தாள். கட்டிலுக்குப் பின்னால் பார்த்தாள். கடைசியில் அவன்தான் கண்டுபிடித்துப் போட்டான்.

"எத்தினி வருஷமா இங்க இருக்கீங்க?"

"நாலு வருஷமா சார்."

அவன் சுவிட்சை ஒருமுறை பார்த்துக்கொண்டான். அதே மனையில் முன்பக்கம் இருந்த கான்கிரீட் வீட்டுக்குப் போனான். டைல்ஸ் தரை. சுப்புராயன் என்ற பெரியவர், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சிவப்பு கார்டுதான்.

சுவரில் ஒரு கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. போட்டோவில் செல்வகுமாரி.

"இது யாரு வூடு பெரியவரே?"

"என் வூடுதான். பத்திரம் காட்டட்டா?"

தமிழ்க்குமரன் அவளைக் கூப்பிட்டான். "இன்னாம்மா, ஆளுக்கு ஒரு வூட்ட மாத்திக்கினு உக்காந்திருக்கீங்களா?"

அவள் மறைக்கவில்லை.

"மாமா கொட்டாயில இருந்துக்கினு இத எனக்கு வாடகைக்கு வுட்டிருக்காரு சார். கம்பெனியில எனக்குப் பதினாலாயிரம். வாடகையே ஏழாயிரம். மீதியில நானும் ரெண்டு புள்ளைங்களும். டைல்ஸையா சார் திங்க முடியும்?"

"வாடகைக்கு இந்த ஃபாரத்துல கட்டம் இல்லம்மா. கூரை இன்னா, தரை இன்னா, அவ்ளோதான்."

"அதுக்குத்தான் இன்னிக்கு ஒரு நாள் மாத்திக்கலாம்னு மாமா சொன்னாரு."

தமிழ்க்குமரன் பெரியவரைப் பார்த்தான். கொட்டாயிலேயே இருந்திருந்தால் அவருடைய கார்டுக்கு ஆபத்தே இல்லை.

"இங்க இருக்கறதா எழுதினா உங்க கார்டு போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்பா. நான் ஒண்டி ஆளு. அவ புள்ளகுட்டிக்காரி."

எட்டு வருஷ வேலையில் கார்டு கேட்டுச் சண்டை போட்டவர்களைத்தான் தமிழ்க்குமரன் பார்த்திருக்கிறான். விட்டுக்கொடுத்தவரைப் பார்த்ததில்லை. பிறகு, அவர்கள் உட்கார்ந்திருந்தபடியே படிவத்தை நிரப்பினான். அவளுக்கு ஷீட் கூரை, மண் தரை. அவருக்கு கான்கிரீட், டைல்ஸ்.

தெருமுனை வரை கூடவே வந்த பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த மனசு யாருக்கு வரும் ஐயா?"

சுப்புராயன் ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மனசு இன்னாபா மனசு. அவளுக்கு ரேஷன் அரிசி நின்னா, என் வாடகைக் காசுலதான் கடை அரிசி வாங்குவா."