ஐந்து உருண்டை விண்ணப்பம்

"நாலு பக்கம். இதைத் தலைவர் கடைசி வரைக்கும் படிப்பாருன்னு நம்புறீங்களாண்ணே?"

சினாரா தாள்களை மேசைமேல் போட்டாள். எர்கின்பெக் அவற்றை அவசரமாக அடுக்கினார்.

பிஷ்கேக் நகர நீர்வழங்கல் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் இருந்தது இவர்கள் இருவர்தான். அவர்களில் ஒருவர் குளிர்காலம் முழுவதும் நாரின் கிளைக்குப் போயாக வேண்டும். நாரினில் ஜனவரி மாதம் இரும்புக் கதவைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஏன் தன்னை அனுப்பக் கூடாது என்று ஆளுக்கொரு கடிதம் கொடுக்கச் சொல்லியிருந்தார் தலைவர் தோக்தொசுன். வெள்ளிக்கிழமை முடிவு. அன்று புதன்.

"எல்லாம் உண்மையான காரணம்" என்றார் எர்கின்பெக்.

"உண்மைதான். ஆனா உங்க முதுகுவலி மூணாவது பக்கத்துல, மாமியார் கதைக்கு நடுவுல கிடக்கு. யாரு தேடி எடுக்கிறது?"

இழுப்பறையிலிருந்து ஒரு பையை எடுத்தாள். அதிலிருந்து ஐந்து குருத் உருண்டைகள். புளித்த தயிரை உப்பிட்டுக் காயவைத்த வெள்ளை உருண்டைகளை மேசையில் வரிசையாக வைத்தாள்.

"இதை எப்படித் தின்பீங்க? ஒண்ணு ஒண்ணாத்தானே? பையோட வாயில கவுத்தா மூச்சு நின்னுடும். உங்க கடிதம் பை."

"அதுக்கு?"

"ஒரு உருண்டை, ஒரு காரணம். பெருசு முன்னாடி."

"பெருசுன்னா மாமியார்தான்."

"எடையைக் கேக்கலண்ணே. தலைவருக்கு மாமியார் இல்ல, அந்த வேதனை அவருக்குப் புரியாது. முதுகு இருக்கு. முதுகை முன்னாடி வைங்க."

எர்கின்பெக் எழுதினார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"முதல் வரி 'முதுகு வலிக்கிறது'ன்னு இருக்கு. ரெண்டாவது 'நான் ஆழ்ந்து யோசித்துப் பார்க்கையில்'னு ஆரம்பிக்குது. அஞ்சும் ஒரே மாதிரி நிக்கணும், அணிவகுப்புல சிப்பாய் நிக்கிற மாதிரி."

"ஆறாவது ஒண்ணு இருக்கே. என் கார் குளிர்ல கிளம்பாது."

"காரை யாரும் அனுப்பலண்ணே. அந்த வரியை அடிச்சுடுங்க."

நாலு பக்கம் அரைப் பக்கமானது. எர்கின்பெக் மூன்று முறை படித்தார். தன்மேல் தனக்கே இரக்கம் வந்தது.

"கீழே இடது மூலையில தயாரிச்சவர் பேரு, போன் நம்பர். பொடி எழுத்துல" என்றாள் சினாரா.

"அதையெல்லாம் யாரு படிக்கிறா?"

"யாரும் படிக்கிறதில்ல. இல்லாட்டி மட்டும் கடிதம் திரும்பி வந்துடும்."

"என் பேரையே போடுறேன். நீ சொல்லிக் குடுத்தேன்னு தலைவருக்குத் தெரிய வேணாம் தங்கச்சி."

"எங்கிட்டேர்ந்து வெளிய போகாதுண்ணே."

அவளுடைய கடிதமும் மேசையில்தான் இருந்தது. எர்கின்பெக் புரட்டினார். ஐந்து பக்கம். பத்தி பிரிக்காமல், அவள் பிறந்த கதையிலிருந்து தொடங்கியிருந்தது.

"நீயும் உருண்டை பிடிச்சிருக்கலாமே?"

"அழுகையா வந்துச்சுண்ணே. அப்படியே எழுதிட்டேன்."

அவர் வற்புறுத்தவில்லை. ஒரு குருத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இருவரும் தலைவர் முன்னால் நின்றார்கள்.

"சினாரா, உங்க கடிதம் ரெண்டாவது பக்கத்துலயே எனக்குத் தூக்கம் வந்துடுச்சு."

அவள் தலைகுனிந்தாள். எர்கின்பெக் சிரிப்பை இருமலாக்கினார்.

"எர்கின்பெக், உங்களோடதுக்கு அரை நிமிஷம்தான் ஆச்சு. ஒரு சொல் அதிகமில்ல. நீங்களேதான் எழுதினீங்களா?"

"நானேதான்."

"யாரும் உதவி பண்ணல?"

"யாருமே இல்லைங்க."

தலைவர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்ப நாளைக்குக் காலையில கிளம்புங்க."

"எங்க?"

"நாரினுக்கு. அங்கேர்ந்து வர்ற அறிக்கை ஒவ்வொண்ணும் இருபது பக்கம். குழாய் எங்க வெடிச்சுதுன்னு நாங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள தெருவே பனிக்கட்டி ஆயிடுது. சுருக்கமா எழுதத் தெரிஞ்ச ஆள் யாருன்னு பாக்கத்தான் கடிதமே கேட்டேன்."

"ஐயா, என் முதுகு..."

"தெரியும். முதல் புள்ளி. நல்ல மெத்தை வைச்ச நாற்காலி போடச் சொல்லியாச்சு." உத்தரவை நீட்டினார்.

வெளியே வந்ததும் சினாரா குருத் பையை அவர் கையில் திணித்தாள். "வழிக்கு வச்சுக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கதகதப்பான தன் அறைக்குப் போனாள்.

எர்கின்பெக் அங்கேயே நின்று உத்தரவோடு இணைத்திருந்த தாளைப் படித்தார். 'நாரினுக்கு அனுப்பப்படுபவருக்கு இருக்க வேண்டிய தகுதிகள்.' ஐந்து புள்ளிகள். பெரியது முன்னால்: சுருக்கமாக எழுதத் தெரிந்தவர். ஐந்தும் ஒரே மாதிரி, அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்கள்போல நின்றன. தேதி, போன திங்கட்கிழமை.

இருபது வருட வேலையில் முதன்முறையாக அவர் கண் இடது மூலைக்குப் போனது. பொடி எழுத்தில் இருந்தது: தயாரித்தவர், சினாரா அசனோவா.