பெயர் போடாத சீட்டு

“பெயர் போட வேண்டாம். உங்களைப் பத்தி இங்க யாருக்குமே தெரியாத ஒரு விஷயம். சின்ன வயசு ஞாபகமா இருந்தா இன்னும் நல்லது. மனசுல இருக்கிறதை அப்படியே எழுதுங்க!” என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர்.

மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கும் பதினோரு பேரும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, காலி மருந்துப் பெட்டிக்குள் போட்டார்கள். ஊழியர்களிடையே நெருக்கம் வளர வேண்டுமாம். மேலிடத்து உத்தரவு.

எல்லோரும் போட்ட பிறகுதான் அவர் விளையாட்டின் மறுபாதியைச் சொன்னார்.

“இப்ப ஆளுக்கு ஒண்ணு எடுத்துப் படிக்கணும். எழுதினவங்க எழுந்து நிக்கணும். நாம கை தட்டணும். சரியா?”

“பெயர் வேண்டாம்னீங்களே சார்?” என்றார் வேன் டிரைவர்.

“அட, எல்லாம் நம்ம ஆளுங்கதானே! என்ன வெட்கம்?”

முதல் சீட்டு டிரைவருடையதே. நாலு வயதில் மிட்டாய் என்று நினைத்து சோப்பைத் தின்ற கதை. சிரிப்பு. அடுத்தது மேனேஜர் அம்மா கணக்குப் பரீட்சையில் முட்டை வாங்கிய கதை. அதைவிடப் பெரிய சிரிப்பு. மேனேஜர் அல்லவா!

மூன்றாவதாக எடுக்க வந்தவர் கிடங்கு மேற்பார்வையாளர். அவருக்கு அங்கே ‘சிவப்பு மை’ என்று பெயர். பதிவேட்டில் ஒரு மாத்திரை பிசகினாலும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, நாலு பேர் முன்னால் கேள்வி கேட்பார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

சீட்டைப் பிரித்தார். பார்த்தார். மறுபடியும் மடித்தார்.

“வேற எடுத்துக்கிறேன்.”

“அதெல்லாம் ஆட்டத்துல கிடையாது!” பயிற்சியாளர் சீட்டை அவர் கையிலிருந்து உருவிச் சத்தமாகப் படித்தார்.

“அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார் என்று பள்ளியில் சொல்வேன். அவர் ஆறு வருடம் ஜெயிலில் இருந்தார். பார்க்கப் போகும்போதெல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பார். பதினாறாம் வாய்ப்பாடு வரை அப்படித்தான் படித்தேன்...”

படிக்கும்போதே பயிற்சியாளருக்குக் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

“யாருங்க இது? எழுந்து நில்லுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டோம்.”

ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் அடுத்தவர் முகத்தையே பார்த்தார்கள்.

“என்னுதுதான்,” என்றார் சிவப்பு மை. “என் சீட்டே என் கைக்கு வந்திருச்சு. அதான் வேற எடுக்கலாம்னு பார்த்தேன்.”

சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு பேர் பாதி தட்டி நிறுத்தினார்கள். அதற்குமேல் யாருக்கும் விளையாட மனசில்லை. மீதிச் சீட்டுகள் படிக்காமலே குப்பைக்குப் போயின.

மதியம் கேன்டீனில் வேறு பேச்சே இல்லை.

“வண்டவாளம் தண்டவாளம் ஏறிருச்சு பார்த்தியா!”

“ஒரு மாத்திரை குறைஞ்சா நம்மளை என்னமா உருட்டுவாரு! திருட்டுக் குடும்பத்துல பிறந்துட்டு...”

“திருட்டோ, கொலையோ, யார் கண்டா?”

பதிவேடு எழுதும் பெண் மட்டும் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தாள்.

“என்னம்மா, நீ வாயே திறக்கலை?” என்றார் டிரைவர். “ஆறு வருஷமா அவருக்கு எதிர்ல உட்கார்ந்திருக்கே. எங்களைவிட உன்னைத்தானே அதிகமா அழ வெச்சிருக்காரு?”

மேசையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

“நான் என்ன சொல்றது?” சட்டென்று அவள் குரல் உயர்ந்தது. “அந்த அப்பனைச் சொல்லணும். ஜெயிலுக்குப் போற ஆளுக்கு வாய்ப்பாடு ஒரு கேடா? அப்படி ஒரு அப்பன் இருக்கிறதுக்கு இல்லாமலே போயிருக்கலாம்.”

“சரியாச் சொன்னே!”

அப்போதுதான் கவனித்தார்கள். பின்னால் குழாயடியில் சிவப்பு மை தன் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி, மூடியைப் போட்டு, யாரையும் பார்க்காமல் போனார். பார்க்கவே சங்கடமாகத்தான் இருந்தது. அதற்காகப் பேச்சு நின்றுவிடவில்லை.

நாலு மணிக்கு மேனேஜர் அம்மா சிவப்பு மையின் மேசைக்கே வந்துவிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். எனக்கு உங்க மேல முழு நம்பிக்கை. ஆனா நாலு பேர் நாலு விதமாப் பேசறாங்க. தூக்க மருந்து அலமாரிச் சாவி கொஞ்ச நாள் வேற கையில இருக்கட்டும்.” பதிவேடு எழுதும் பெண் பக்கம் திரும்பினார். “நீ வெச்சுக்கோம்மா. உன்னைப் பத்தி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.”

பதினேழு வருடமாக அவர் இடுப்பில் தொங்கிய சாவி. வளையத்திலிருந்து கழற்றி மேசை மேல் வைத்தார். கொஞ்ச நேரம் அது அங்கேயே கிடந்தது. பிறகு அவள் எடுத்துக்கொண்டாள்.

மேனேஜர் போனதும் அவர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“இதைக் கிழிச்சுப் போட்டுடு. இங்க வேண்டாம், வீட்டுல போய்க் கிழி.”

அவள் சீட்டைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“சார்... உங்களுக்கு எப்படி...”

“ஆறு வருஷமா தினமும் உன் கையெழுத்தைப் பார்க்கிறவன் நான்.”

பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர், நின்றார்.

“என்னை என்ன வேணா பேசிக்கோம்மா. ஆனா, உங்க அப்பாவை நீ அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.”