கடல் பார்த்த வாசல்

“தண்ணி எப்படிங்க ஐயா, நல்லாயிருக்குமா?” என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் சமையலறைக் குழாயைத் திருகினார்.

குழாய் இரண்டு முறை இருமியதே தவிர, ஒரு சொட்டும் சிந்தவில்லை.

“கல்கண்டுதாம்மா! இன்னைக்குத் தொட்டி கழுவுறாங்க, அதான்,” என்றார் ஆசிரியர், புன்னகை சிறிதும் குலையாமல்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். கடற்கரையில் புதிதாய் எழும்பியிருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மாதிரி வீட்டில், ஞாயிறுதோறும் காலை பத்து முதல் ஒரு மணி வரை வெள்ளைச் சட்டையுடன் வீற்றிருந்து, “நான் குடிவந்து ஆறு மாசம் ஆச்சு, ஆயுசு பத்து வருஷம் கூடிடுச்சு” என்று வருவோரிடம் சொல்வதே அவருடைய தற்போதைய பணி. மனைவியிடம் ‘நூலகக் கமிட்டி’ என்று சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அந்த வீடு அவருடையதன்று. அலமாரியிலிருந்த புத்தகங்களும் அவருடையவையல்ல. அவற்றில் பாதி வெறும் அட்டைகள்.

அன்று வந்திருந்தவர்கள் ஓய்வு பெற்ற தபால்காரரும், ஓய்வு பெற்ற செவிலியரான அவர் மனைவியும். இருவரும் ஆசிரியரை ஏனோ அடிக்கடி பரிவோடு பார்த்தார்கள்.

அவ்வேளையில் விற்பனை மேலாளர் கால் தரையில் பாவாமல் உள்ளே வந்தார்.

“என்னம்மா, பிடிச்சிருக்கா? யோசிக்காதீங்க. நானே கீழ்த்தளத்துல ஒண்ணு வாங்கிட்டேன். கடல் பார்த்த வாசல்! காலை வெளியே வெச்சா கடல்தான்!”

“ஆஹா! கொடுத்து வெச்சவங்களுக்குத்தான் இந்த மாதிரி அமையும்!” என்று அந்த அம்மாள் உரக்கக் கூவினார். மேலாளர் பூரித்துப்போய் அடுத்த அறைக்குப் பறந்தார்.

அங்கே சொல்லப்படும் பொய்களிலேயே இந்தக் கீழ்த்தளப் பொய்தான் அப்பழுக்கற்றது என்று எண்ணி, ஆசிரியர் மனத்துக்குள் பத்துக்குப் பத்து போட்டார்.

தபால்காரர் தோள்பையைத் தட்டிக் காட்டினார். “பன்னெண்டு மணிக்குக் கையெழுத்துங்க. ரிட்டயர் ஆனப்போ வந்தது மொத்தமும் இதுலதான் இருக்கு.”

ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது.

சுவரில், அரசு முத்திரையுடன் கூடிய அனுமதி வரைபடம் தொங்கியது. ஏதோ ஓர் அதிகாரியை உரிய முறையில் ‘கவனித்து’, கடலை இருநூறு மீட்டர் அப்பால் தள்ளி வரைந்திருந்தார்கள். மாணவன் எவனாவது இப்படி வரைந்திருந்தால் அவர் முட்டி போட வைத்திருப்பார். சென்ற பௌர்ணமியன்று அலை வந்து கார் நிறுத்துமிடத்தைக் கழுவிவிட்டுப் போனதை அவரே கண்ணால் கண்டிருந்தார்.

“ஐயா, தப்பா நினைக்கக்கூடாது,” என்றார் அந்த அம்மாள், மெல்லிய குரலில். “ராத்திரியில நிம்மதியா தூங்குறீங்களா?”

அந்தக் கேள்வி ஆசிரியரைச் சுருக்கென்று தைத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தெரிந்தால் வேலை போய்விடும். போகட்டும்.

“என்னை மன்னிக்கணும்மா. கையெழுத்துப் போட்டுடாதீங்க. இது என் வீடே இல்ல. நான் கூலிக்கு உட்கார்ந்திருக்கேன். அந்தப் படம் பொய், குழாய் பொய், நான் பொய். கடல் என்ன கடைநிலை ஊழியரா, தள்ளி நில்லுன்னா நிக்கறதுக்கு? ரெண்டே மழைக்காலம், கீழ்த்தளத்துல மீன் குடியேறிடும். பணத்தைத் தூக்கிட்டு ஓடிடுங்க!”

தம்பதியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அந்த அம்மாளுக்கு முதலில் தோள் குலுங்கியது; அப்புறம் சிரிப்பு பீறிட்டது. சோபாவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தபால்காரருக்கோ விக்கலே எடுத்துவிட்டது.

“ஐயா சாமி! உங்களைப் பார்த்துத்தான் காலையிலேருந்து எங்களுக்கு மனசே ஆறல! பாவம், ஏமாந்து வாங்கிட்டாரே, வித்துட்டு ஓடுங்கன்னு எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தோம்!”

“அப்ப நீங்க...?”

“நாங்களும் கூலிதான்! வாங்க வந்தவங்க மாதிரி நடிக்கணும்.” தபால்காரர் பையைத் திறந்தார். உள்ளே பழைய செய்தித்தாள். “இது நேரா முதலாளி ரூமுக்குப் போயிடும், வேற யாரும் பிரிக்க மாட்டாங்க. வாரா வாரம் வேன்ல முப்பது பேர், வேற வேற ஆளுங்க. அத்தனை பேரும் பென்ஷன்காரங்க!”

மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு ஓயும் தறுவாயில்தான், கதவு திறந்திருப்பதையும் மேலாளர் அங்கே நிற்பதையும் கவனித்தார்கள்.

ஆசிரியர் பதறி எழுந்தார். “தம்பி, கோபப்படாதீங்க. எனக்கு இன்னைக்குக் கூலி வேண்டாம், போயிடறேன்.”

மேலாளர் அவரைப் பொருட்படுத்தவில்லை. அவர் பார்வை செய்தித்தாள் பையிலேயே இருந்தது.

“ஐயாவை வேலைக்கு வெச்சது நான்,” என்றார் மெதுவாக. “உங்களை யாரும்மா வெச்சது?”

“பெரிய முதலாளிதாங்க. மேனேஜர் தம்பிக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு ஒரே கண்டிப்பு.”

மேலாளர் சோபாவின் நுனியில் பொத்தென்று அமர்ந்து, ஆசிரியரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

“இவ்வளவு கூட்டம் வருதேன்னு நம்பித்தான், ஊர்ல இருந்த வீட்டை வித்து அந்தக் கீழ்த்தளத்தை வாங்கினேன். நீங்க புவியியல் வாத்தியாராச்சே, கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லுங்க ஐயா... அலை என் வாசல்ல எத்தனாவது படி வரைக்கும் வரும்?”