கொழுத்த மத்தி

"மத்த துறைமுகத்து மத்தியெல்லாம் பஞ்சத்துல அடிபட்ட மாதிரி கிடக்கு. உன் துறைமுகத்து மத்தி மட்டும் என்ன, மாமியார் வீட்டு விருந்துல இருக்கா?"

மீன் ஆய்வகத்தின் இயக்குநர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு சரி.

"அளந்ததைத்தான் சார் எழுதியிருக்கேன்" என்றாள் ஆய்வாளர். "நீளத்துக்கு ஏத்த எடை இருக்கு. வயித்தைக் கிழிச்சுப் பார்த்தா குடலைச் சுத்திக் கொழுப்பு அப்பியிருக்கு. வாரா வாரம் இப்படித்தான்."

"அதுதான் இடிக்குது. நாளைக்குக் கூட்டம். மீன் மெலிஞ்சிருந்தா அது தேறி வர்ற வரைக்கும் மீன்பிடிக்கத் தடை போட்டுக் கடலை மூடணும். மூடக் கூடாதுன்னு படகுக்காரங்க ஒத்தைக் காலில நிக்கிறாங்க. இந்த நேரத்துல நீ மட்டும் மீன் கொழுகொழுன்னு இருக்குன்னா, ஊர் வாயை மூட முடியுமா? உன்னை யாரோ கவனிச்சுட்டாங்கன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்கம்மா. உன்னோடது தற்காலிக வேலை. அதை மறந்துடாதே."

அவளுக்குச் சுரீர் என்றது. துறைமுகத்தில் ஒரு வாய் டீகூட ஓசியில் குடித்தவள் இல்லை அவள். வேலை போவதைவிடக் கெட்ட பெயரோடு போவதை நினைக்கத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

தராசையும் அளவுப் பலகையையும் பையில் போட்டுக்கொண்டு, மேடிட்ட வயிற்றோடு நேரே துறைமுகத்துக்குப் போனாள். அது அவள் வழக்கமாகப் போகும் நாள் இல்லை. வழக்கமான நாளில், ஒரு பழைய படகின் சொந்தக்காரர் ஐஸ் பெட்டியில் மீனைத் தயாராக வைத்துக்கொண்டு, "வாங்க தங்கச்சி" என்று வாயெல்லாம் பல்லாக நிற்பார். இன்று அவர் வலையை உதறிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். அவள் யாரையும் கேட்கவில்லை. அவர் படகிலிருந்து இறக்கிய கூடைக்குள் கையை விட்டு, வந்ததை வந்தபடி அள்ளினாள்.

பலகையும் தராசும் தேவையே படவில்லை. தலை பெரிதாக, உடம்பு வற்றி, முதுகு கத்தி விளிம்பாக இருந்தது ஒவ்வொன்றும். பசியில் வாடிய மீன்கள். சாயம் வெளுத்துவிட்டது.

"அண்ணே!"

அவர் திரும்பினார். "அட, என்ன தங்கச்சி சொல்லாம கொள்ளாம..."

"சொல்லிட்டு வந்தா இதைப் பார்த்திருக்க முடியுமா? கைக்கு வந்ததை அப்படியே அள்ளிக் கொடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. எனக்குப் பொறுக்கித்தானே கொடுத்தீங்க?"

"ஆமா தங்கச்சி" என்றார் அவர். "பொறுக்கித்தான் கொடுத்தேன்."

மறுப்பார், மழுப்புவார், சத்தியம் செய்வார் என்று சண்டைக்குத் தயாராக வந்தவள் கையிலிருந்த மீனைக் கூடையிலேயே போட்டாள்.

"எல்லா வாரமுமா?"

"எல்லா வாரமும்தான். நான் மட்டும் இல்ல, படகுல இருக்கிற அத்தனை பேரும் உட்கார்ந்து தேடுவோம். இப்பல்லாம் சதைப்பத்தான மீன் எங்கே கிடைக்குது? ஒரு பெட்டி தேறுறதுக்குள்ள கண்ணு பூத்துப் போகுது."

ஆக, மொத்தப் படகும் கூட்டு! அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"கூடப் பிறந்தவர் மாதிரி நம்பினேனே உங்களை! இந்தப் பொய்க் கணக்கை நம்பிக் கடலைத் திறந்து வச்சா, இருக்கிற மீனும் முட்டை போடாமலே போய்ச் சேர்ந்துடும். அடுத்த வருஷம் வலையில தண்ணிதான் வரும். எனக்கு வேலை போகும். நான் இதைச் சொன்னா உங்க படகையும் கட்டிப் போட்டுடுவாங்க. யார் அண்ணே இந்த யோசனையைச் சொன்னது? சங்கத்துக்காரங்களா?"

அவர் திருதிருவென்று விழித்தார். "கடலை மூடறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் தங்கச்சி? சொன்னது என் சம்சாரம்."

"அவங்களா? அவங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

சுற்றி நின்ற ஆட்கள் வலைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். படகுக்காரர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மீனை அளக்கிறதுக்கு ரெண்டு போதாதா, யாராச்சும் ஒரு பெட்டி கேப்பாங்களா? பாவம், மசக்கையில ஆசைப்பட்டுக் கேக்குது, வெட்கத்துல ஆராய்ச்சின்னு சாக்குச் சொல்லுதுன்னா அவ. மாசமா இருக்கிற பொண்ணு சமைச்சுத் தின்ன, மெலிஞ்ச மீனையா தங்கச்சி கொடுக்கிறது?"