வாயில் வராத வரி

“உங்க தொண்டைக்கு இது சரிப்படுமா சார்? சினிமா வில்லனுக்குக் குரல் குடுக்கிறவர்னு சொன்னாங்களே!” என்றாள் சவுண்ட் இன்ஜினியர் பெண்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் உட்கார்ந்திருந்த பலகுரல்காரர் சிரிக்கவில்லை. “யாரை மாதிரி கேட்டாலும் பேசுவேன்மா. அதுதானே தொழில்.”

அவளுக்குச் சுருக்கென்றது. பிரபல எழுத்தாளர் ஒருவர் தன் பழைய நாவலைத் தானே வாசித்து ஒலிநூலாகப் பதிவுசெய்துகொண்டிருந்தார். கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கும்போதே கண்ணை மூடிவிட்டார். அதை அவர் குரலிலேயே முடிக்கப் பதிப்பகம் தேடிப் பிடித்து அனுப்பிய இந்த ஆசாமி, அவர் புத்தகம் ஒன்றைக்கூடப் படித்ததில்லையாம்.

அவளுக்கோ அந்த எழுத்து என்றால் உயிர். கல்யாண வாழ்க்கை முறிந்து, கையில் பெட்டியோடு பஸ் நிலையத்தில் போக்கிடம் தெரியாமல் நின்ற அன்று, இந்த நாவலின் அப்பா மகனிடம் சொல்லும் வரிதான் அவளைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போனது. ‘தோத்துட்டு வந்தாலும் நேரா வீட்டுக்கு வாடா கண்ணா. கதவு திறந்துதான் இருக்கும்.’ அவள் அப்பாவும் ஒரு கேள்வி கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

“அவர் பதிவைக் கொஞ்சம் போடட்டுமா சார்? குரலைப் பிடிச்சுக்கலாம்.”

“வேணாம்மா. ஞாபகம் இருக்கு.”

ரேடியோவில் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு சிவப்பு விளக்கைப் போட்டாள்.

அடுத்த நொடி அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அச்சு அசல் எழுத்தாளரேதான். பரீட்சையில் தோற்ற மகனை அப்பா வாங்கு வாங்கென்று வாங்கும் இடத்தில், திட்டு தன்மேலேயே விழுவதுபோல் நாற்காலியில் ஒடுங்கிப்போனாள். இரண்டு பக்கத் திட்டும் ஒரே மூச்சில் முடிந்தது.

கோபம் தணிந்து அப்பா அந்த வரியைச் சொல்லும் இடம் வந்தது.

முதல் முறை, வில்லன் மிரட்டுவதுபோல் இருந்தது. அடுத்த முறை, ரயில் நிலைய அறிவிப்புபோல் வந்தது. மூன்றாம் முறை ‘கண்ணா’ தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“என்ன சார், திட்டுறது சரளமா வருது, கொஞ்சுறது வரமாட்டேங்குதே!” என்று சீண்டினாள். “இப்படி ஒரு அப்பா கிடைக்கப் பிள்ளைங்க குடுத்து வச்சிருக்கணும். அதை மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லுங்க.”

அவர் தாளில் இருந்த அந்த வரியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“முதல் அத்தியாயத்துல அவரே இதே வரியைச் சொல்லியிருக்கார். போடவா?”

“போடுங்கம்மா.”

போட்டாள். எழுத்தாளரின் குரல் அப்படியே உருகி வழிந்தது. பலகுரல்காரர் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

“இன்னொரு தடவை.”

போட்டாள்.

“இன்னும் ஒரே ஒரு தடவைம்மா.”

கன்னத்தில் இறங்கியதை அவர் துடைக்கவே இல்லை. அவளுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. “குரல் ஞாபகம் இருக்குன்னீங்களே சார்?” என்று மெல்லக் கேட்டாள்.

“திட்டுற குரல்தாம்மா ஞாபகம் இருக்கு,” என்றார். “இந்தக் குரல்ல அப்பா என்கிட்ட பேசினதே இல்ல.”